அஞ்சு பவுண் கறண்ட்

கடைக்கு வருகிறவர்களில் யாரிடம் காசு இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதை அவர்கள் வாங்கும் சாமானை வைத்துச் சொல்ல முடியாது. சிகரெட் எல்லோரும் வாங்குவார்கள். லொத்தர் ரிக்கற்றும் எல்லோரும் வாங்குவார்கள். கீயை வைத்துத்தான் சொல்லலாம்.

லண்டனில் ஈஸ்ற் ஹாமுக்கும் மனோர் பார்க்குக்கும் நடுவே ஒரு பக்கத் தெருவில் ஊர்க்காரர் ஒருவரின் கடை. பல வருடங்கள் பின்னேரங்களில் அங்கே ரில்லில் நின்றேன். பால், பாண், பியர், வெள்ளிக்கிழமைகளில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும். லொத்தர் மெஷினுக்குப் பக்கத்தில் பேபொயின்ற் மெஷின். வீட்டுக் கறண்டுக்கு முன்கூட்டியே காசு கட்டுகிறவர்கள் ஒரு பிளாஸ்ரிக் கீயைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். காஸுக்கு ஒரு காட். அதைச் செருகி, காசை வாங்கி, தொகையை அடித்தால் ஒரு துண்டு ரசீது வரும். வீட்டுக்குப் போய் அதே கீயை மீற்றரில் செருகினால்தான் கறண்ட் ஏறும். கடைக்குக் கிடைக்கும் கமிஷன் சில்லறைதான். முதலாளி அண்ணை அலுத்துக்கொள்வார்: "ஆக்கள் வருவினம் எண்டுதான் இந்த மெஷினை வச்சிருக்கிறன். வந்தால் ஒரு பாலெண்டாலும் வாங்குவினம்." பாதிப் பேர் அதுவும் வாங்குவதில்லை. கீயை நீட்டும் கையில் இருக்கும் ஐந்து பவுண்தான் அன்றைக்கு அவர்களிடம் இருப்பது.

வசதியானவர்கள் மாதத்துக்கு ஒரு தடவை வங்கியில் இருந்து தானாகக் கழியும் முறையில் பில் கட்டுகிறார்கள். கோடையில் கொஞ்சம் கூடக் கட்டி, அதைக் குளிரில் கழித்துக்கொள்கிறார்கள். கீ மீற்றர்க்காரர் அப்படி இல்லை. குளிர் வந்தால் அந்தக் கிழமையே காசு வேண்டும். சிலருக்கு இந்த மீற்றர் வாடகை வீட்டோடு வந்தது. சிலருக்குக் கடனால் வந்தது: பில் கட்டாமல் நிலுவை ஏறினால், கொம்பனிக்காரர் நீதிமன்ற உத்தரவோடு வந்து, கதவைத் திறந்து, பழைய மீற்றரைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டிவிட்டுப் போய்விடலாம். நோயாளிகளும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளில்கூட அப்படிப் பூட்டினார்கள் என்று ஒரு நாளிதழ் வெளிக்கொண்டு வந்த பிறகுதான், 2023 பெப்ரவரியில் அந்த வேலை நிறுத்திவைக்கப்பட்டது. இத்தனைக்கும் கீ மீற்றர்க்காரர் கட்டிய விலை, வங்கியால் கட்டுகிறவர்களின் விலையைவிடக் கொஞ்சம் கூடவாகவே இருந்தது. அந்த வித்தியாசத்தை அரசாங்கம் சரிக்கட்டியது 2023 ஜூலையில். அதுவரைக்கும் ஏழைக்குக் கறண்ட் விலை கூட என்பது நாட்டின் சட்டமாகவே இருந்தது. எனக்கு இன்றைக்கும் இது செரிக்கவில்லை.

மெஷினுக்குப் பின்னால் நிற்கிறவன் கொஞ்சம் திட்டும் வாங்க வேண்டும். ஒருவர் பத்துப் பவுண் போட்டுக்கொண்டு போவார். கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்து, "மீற்றரில் மூன்றரைதான் காட்டுது, மிச்சம் எங்கே?" என்று கத்துவார். நான் எடுத்துவிட்டேன் என்றே நினைப்பார். மிச்சம் போன வழியை மேசையில் கடதாசி வைத்து விளக்குவேன். போன கிழமை காசு முடிந்தபோது மீற்றர் ஐந்து பவுண் 'எமர்ஜென்சி' கடன் தந்தது. அதை முதலில் எடுத்துக்கொண்டது. பழைய நிலுவைக்குக் கிழமைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொண்டது. அதோடு ஸ்ராண்டிங் சார்ஜ். ஒரு லைற்கூடப் போடாவிட்டாலும் இணைப்பு இருப்பதற்காக நாளுக்கு நாள் ஏறுவது அது. மே மாதம் ஹீற்றரை நிறுத்திவிட்டு, கறண்ட் அடுப்பில் சமைத்துக்கொண்டு, ஒக்ரோபரில் காஸ் காட்டை எடுத்துவருகிறவர்கள் பாடு பெரும்பாடு. நாளுக்கு 28 பென்ஸ் என்றாலும் ஐந்து மாதத்தில் நாற்பது பவுணைத் தாண்டிவிடும். முதற்குளிருக்குப் போடும் காசு வீட்டைச் சூடாக்காமலே போய்விடும்.

நான் கடனாக எண்ணெய் வாங்கி வளர்ந்தவன் அல்ல. ஆனால் அளந்து எரிக்கத் தெரிந்தவன். 1990இல் யாழ்ப்பாணத்துக்குக் கறண்ட் நின்றது. மண்ணெண்ணெய்க்குத் தடை, கிடைத்தால் தங்க விலை. ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெய் விட்டு, பஞ்சில் ஊறவைத்துத் திரி போட்டு எரித்த விளக்கில்தான் எங்கள் பரம்பரை சோதனைக்குப் படித்தது. அங்கே எல்லோருக்கும் இல்லை என்பதில் ஒரு நியாயம் இருந்தது. ஈஸ்ற் ஹாமில் ஒரே தெருவில் ஒரு வீட்டு யன்னலில் ஆவி படிந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை கோட்டோடு படுத்திருக்கும்.

2022 ஒக்ரோபர் வந்தது. உக்ரேன் போருக்குப் பிறகு காஸ் விலை ஏறிய ஏற்றத்தில், அரசாங்கம் தலையிட்டு விலைக்கு ஒரு வரம்பு கட்டியும், கறண்ட் ஒரு யூனிற் 34 பென்ஸில் வந்து நின்றது. முந்திய குளிரில் அது 21 பென்ஸ் அளவில் இருந்தது. இரண்டு கிலோவாற் ஹீற்றர் ஒன்றை ஒரு மணித்தியாலம் போட்டால் 68 பென்ஸ். ஐந்து பவுணுக்கு ஏழு மணித்தியாலச் சூடு. அதற்குள் சமைக்கவும் குளிக்கவும் கூடாது. ரில்லில் நின்று இந்தக் கணக்கைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். சொன்ன பிறகும் ஐந்து பவுண்தான் போடுவார்கள். வேறு என்ன செய்வது?

முதலாளி அண்ணையும் பியர்க் குளிரூட்டியின் லைற்றை நிறுத்திவைத்தார். கடைகளுக்கு வீட்டு வரம்பு கிடையாது. அவருக்கு வேறு திட்டம், வேறு தலையிடி. அது இன்னொரு கதை.

அந்தக் குளிருக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் 400 பவுண் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. ஒக்ரோபரும் நவம்பரும் 66 பவுண் வீதம், டிசம்பரில் இருந்து மார்ச் வரை 67 வீதம், ஆறு பங்காக. பணக்காரர், ஏழை என்ற பாகுபாடு இல்லை. இரண்டு வீடு வைத்திருந்தவருக்கு இரண்டு தடவை. என் வீட்டுக்கு அது எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது. வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டு மனைவிதான், "இதென்ன காசு வந்திருக்கு?" என்று கேட்டா. நாங்கள் ஒரு விரலும் அசைக்கவில்லை.

பழைய கீ மீற்றர் வீடுகளுக்கு இதே 66 பவுண் வவுச்சராக வந்தது. கடிதத்தில், அல்லது ஈமெயிலில், அல்லது போனில் குறுஞ்செய்தியாக. அதைக் கீயோடு தபாற்கந்தோருக்கோ எங்களைப் போன்ற கடைக்கோ கொண்டுவந்து, அடையாள அட்டை காட்டி, மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாதமும். மூன்று மாதத்துக்குள் மாற்றாவிட்டால் காலாவதி. பிறகு கொம்பனிக்குப் போன் எடுத்து, வரிசையில் காத்திருந்து, புதிதாகக் கேட்க வேண்டும். நாட்டிலேயே ஆகப் பெரிய தேவை யாருக்கோ அவர்களைத்தான் நடக்கவைத்தது இந்தத் திட்டம். உதவியை வடிவமைத்தவர் யாரும் ஒரு கீயைக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை என்பது என் எண்ணம்.

எங்கள் தெருவில் எண்பது கடந்த ஒரு வெள்ளைக்கார அம்மா. தினமும் நாய்ச் சாப்பாடும் ஐந்து பவுணும். "வவுச்சர் வந்ததா?" என்று கேட்டேன். வந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன் என்றா. அந்த மாதங்களில் கறண்ட் காசு தருகிறோம் என்று கள்ளக் குறுஞ்செய்திகள் எல்லோருடைய போனிலும் வந்துகொண்டிருந்தன. தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள் என்று தொலைக்காட்சி ஓயாமல் சொல்லியது. அவ அதன்படி கவனமாக இருந்தா, அவ்வளவுதான். நவம்பர்க் கடிதம் வந்தபோது கிழிக்காமல் அப்படியே உறையோடு என்னிடம் கொண்டுவந்து, "நீ பார், கள்ளனா என்று சொல்லு" என்றா. உண்மையான கடிதத்தைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும்போல்தான் இருந்தது. மலிவுக் கடதாசி, ஒரு கோட்டுக்குறி, மேலே பெரிய எழுத்தில் தொகை.

எங்கள் ஆட்களுக்கு வேறு தொல்லை. பேர். பாஸ்போர்ட்டில் தகப்பன் பேர் முன்னுக்கு, கொம்பனிக் கணக்கில் அது பின்னுக்கு, வவுச்சரில் ஒற்றை எழுத்தாய்ச் சுருங்கி ஒரு புள்ளி. சிலருடைய கடிதம் முந்திய குடியிருப்பாளர் பேரில் வந்தது. சிலருடையதில் பேரே இல்லை, "வீட்டில் இருப்பவருக்கு" என்று மட்டும். நான் முகம் தெரிந்தவர்களுக்கு மாற்றிக் கொடுத்தேன். பெரிய சுப்பர்மார்க்கற்றில் நின்ற பெடியன் அப்படிச் செய்திருக்க முடியாது. செய்தால் அவனுக்கு வேலை போகும். கடைசியில், பல லட்சம் வவுச்சர்கள் நாடு முழுக்க மாற்றப்படாமல் கிடக்கின்றன என்று அரசாங்கமே அறிவித்து, மாற்றுங்கள் மாற்றுங்கள் என்று விளம்பரம் போட்டது.

இன்னொரு கூட்டம் வவுச்சரைக் கண்ணாலும் காணவில்லை. மாஸ்ரர்ஸ் படிக்க வந்து, ஒரு வீட்டில் ஆறு, ஏழு பேராய் இருந்த தமிழ்நாட்டுப் பெடியங்கள். வாடகையில் "பில் எல்லாம் அடக்கம்". மீற்றர் வீட்டுக்காரர் பேரில். வீட்டுக்காரரும் தமிழர்தான், கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நிற்பவர். ஹீற்றரை அவர் தன் போனில் இருந்தே கூட்டிக் குறைப்பாராம். பின்னேரம் இரண்டு மணித்தியாலம், காலையில் ஒன்று. நானூறு பவுணும் அவர் கணக்குக்குத்தான் போனது. நவம்பர் 1இல் இருந்து, அந்த உதவியில் நியாயமான பங்கை வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கொடுக்காவிட்டால் நீதிமன்றம் போகலாம் என்றும் இருந்தது. கடையில் நின்ற திருச்சிப் பெடியனுக்கு இதைச் சொன்னேன். சிரித்தான்.

"கோர்ட்டுக்குப் போனா மறுநாள் ரூம் இருக்குமாண்ணா? எங்க ஊர்லயும் இதே கதைதான். 2016ல ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் ஃப்ரீன்னாங்க. நாங்க வாடகை வீடு. யூனிட்டுக்கு எட்டு ரூபான்னு ஹவுஸ் ஓனர் தனியா வாங்கினாரு. அந்த நூறு அவருக்குத்தான்."

சொல்லிவிட்டு ஒரு நூடில்ஸ் பக்கற் வாங்கிக்கொண்டு போனான். மீற்றர் யார் பேரில் இருக்கிறதோ உதவியும் அவர் பேருக்குத்தான் போகும். அதில் திருச்சியும் லண்டனும் ஒரு குலம்.

இனி எங்கள் ஆட்களில் ஒரு அம்மாவின் கதை. எழுபத்தாறு வயது, புருஷன் இல்லை, மகன் கனடாவில். கவுன்சில் பிளாற்றில் ஒரு படுக்கையறை. இங்கே வந்து ஒரு சலவைத் தொழிற்சாலையில் சில வருடங்கள்தான் வேலை செய்தவ. அதனால் பென்ஷன் கொஞ்சம். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் முருகன் கோயிலுக்குப் போய்வந்தவ, அந்தக் குளிரில் தினமும் போகத் தொடங்கினா. பக்தி கூடிவிட்டதோ என்று பகிடி விட்டேன். "அங்கை ஹீற்றிங் போட்டிருக்கும் தம்பி" என்றா, ஒளிக்காமல். டிசம்பர் பதினோராம் திகதி இரவு லண்டனில் பனி கொட்டியது. அடுத்த நாள் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் கண்ணாடி. அன்றும் போனவதான்.

பென்ஷன் கிறெடிற் என்று ஒன்று இருக்கிறது, குறைந்த பென்ஷனை ஒரு மட்டத்துக்கு உயர்த்தித் தரும் என்று நவம்பரிலேயே சொல்லிப்பார்த்தேன். தனி ஆளுக்கு அப்போது கிழமைக்கு 182 பவுண் 60 பென்ஸ் வரை. அவவின் பென்ஷன் அதற்கு வெகு கீழே. அவ மறுத்துவிட்டா.

"வீடு தந்தவங்கள், பென்ஷன் தாறாங்கள். இனியும் கேட்டால் மரியாதையோ? நான் பிச்சை எடுக்கிற ஆள் இல்லை."

மரியாதை ஒரு காரணம். மற்றது மெல்ல மெல்லத்தான் வெளியில் வந்தது. தன் செத்தவீட்டுச் செலவுக்கென்று வங்கியில் மூவாயிரம் பவுண் வைத்திருந்தா. விண்ணப்பித்தால் அதைக் கண்டுபிடித்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம். பத்தாயிரம் பவுண் வரைக்கும் சேமிப்பைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள் என்று நான் சொன்னதை அவ நம்பவில்லை. கோயிலில் யாரோ வேறு மாதிரிச் சொல்லியிருந்தார்கள். பனி விழுந்த கிழமைதான் மனம் மாறினா. அதில் இன்னொரு அவசரமும் இருந்தது: 18ஆம் திகதிக்குள் விண்ணப்பித்து, மூன்று மாதம் முன்னால் இருந்தே கணக்குப் பார்த்தால், வாழ்க்கைச் செலவு உதவியில் 324 பவுணும் சேர்ந்து கிடைக்கும்.

பென்ஷன் கிறெடிற் போன் லைன் பகலில்தான் திறந்திருக்கும். ஒரு மத்தியானம் வேளைக்கே வந்து, கடையின் பின்னறையில் பியர்ப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு கதிரையில் அவவை இருத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டேன். இசை. நெடுநேர இசை. முதலாளி அண்ணை இடையில் வந்து எட்டிப்பார்த்து, ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கடைசியில் ஒரு பெண் குரல். பிறந்த திகதி, காப்புறுதி இலக்கம், வாடகை, வங்கியில் எவ்வளவு. அந்த இடத்தில் அம்மா என் கையைப் பிடித்தா. "உண்மையைச் சொல்லட்டோ?" சொல்லுங்கோ என்றேன். சொன்னா. அந்தப் பெண் அடுத்த கேள்விக்குப் போய்விட்டா. அம்மா ஏமாந்தது போல இருந்தா. அவ்வளவு நாள் காத்த ரகசியத்துக்கு ஒரு "ஓ"கூட இல்லை.

ஜனவரியில் கடிதம் வந்தது. கிழமைக் காசு கூடியது, முந்திய மூன்று மாதக் காசு வந்தது, 324 பவுண் வந்தது. எழுபத்தைந்து தாண்டியதால் தொலைக்காட்சி லைசென்ஸும் இலவசம். அடுத்த குளிருக்குக் கறண்ட் பில்லில் 150 பவுண் கழிவு, அதற்குத் தனியாக விண்ணப்பமே தேவையில்லை. இந்தக் கழிவிலும் ஒரு வேடிக்கை. 2022இல் இருந்து இங்கிலாந்தில், பென்ஷன் கிறெடிற் உள்ளவர்களுக்கு இது தானாக வரும். வேறு உதவிப்பணம் எடுக்கிறவர்களுக்கு மட்டும் "வீடு சூடாக்கச் செலவு கூடிய வீடா" என்று பரப்பளவையும் கட்டிய காலத்தையும் வைத்துக் கணினி பார்த்தது. அதனால், முந்திய வருடங்களில் அதைப் பெற்றுவந்த, புதுப் பிளாற்றில் இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒரு தாய்க்கு அது நின்றுபோனது. பிளாற் சின்னது, புதிது, சூடு நிற்கும் என்பது கணக்கு. ஹீற்றருக்குப் போடக் காசு இருந்தால் நிற்கும்தான். வீட்டைப் பார்த்த கணினி மீற்றரைப் பார்க்கவில்லை. இந்த நிபந்தனையை 2025இல்தான் எடுத்தார்கள்.

அம்மா முதல் செய்த வேலை, கீயைக் கொண்டுவந்து இருபது பவுண் போடச் சொன்னது. இரண்டாவது, கோயிலில் தெரிந்த வயசானவர்களை ஒவ்வொருவராகக் கடைக்கு அனுப்பியது. முதலாளி அண்ணை, "ரில்லிலை நிக்கவோ, கந்தோர் நடத்தவோ சம்பளம் தாறன்?" என்று கேட்கும் அளவுக்கு. ஆனால் கதிரை பின்னறையிலேயே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

வவுச்சர் மாற்றக் கடைசி நாள் 2023 ஜூன் 30. ஜூலை தொடங்கி ஒரு கிழமைக்குள் ஒரு தகப்பன் வந்தார். வீடு மாறும்போது லாச்சியில் கிடந்தது என்று நான்கு வவுச்சர்களை ஒரு ரப்பர் வளையத்தில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மெஷின் எடுக்காது என்று தெரிந்தும் ஒவ்வொன்றாகப் போட்டுப்பார்த்தேன். எடுக்கவில்லை. அவர் கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம்.

2024இல் நான் சனிக்கிழமைகளில் மட்டும் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வருடம் புதிய அரசாங்கம் ஒரு வெட்டு வெட்டியது. 1997இல் இருந்து வயசானவர்கள் எல்லோருக்கும் வந்துகொண்டிருந்த குளிர்கால எரிபொருள் காசு, இனிமேல் பென்ஷன் கிறெடிற் போன்ற உதவி எடுக்கிறவர்களுக்கு மட்டும் என்றார்கள். அம்மாவுக்கு அந்தக் குளிருக்கும் 200 பவுண் வரும். அவவின் பக்கத்துப் பிளாற்றில் கானா நாட்டுப் பெண் ஒருவர், எழுபது வயது, முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கந்தோர்கள் கூட்டித் துடைத்தவர். அவருக்கு அந்தக் குளிருக்கு வராது.

அம்மா அவரைக் கையோடு கூட்டிவந்தா. "தம்பி, இவவுக்கும் அந்தப் போனை எடுத்துக் குடு." சனிக்கிழமை லைன் இல்லை என்றேன். திங்கட்கிழமை வரச் சொன்னா, போனேன்.

அதே பின்னறை, அதே இசை. கேள்விகளுக்கெல்லாம் அந்தப் பெண் மணிமணியாகப் பதில் சொன்னார். சேமிப்பு இல்லை, வேறு பென்ஷன் இல்லை, ஒழுங்காகத் தேசியக் காப்புறுதி கட்டியதால் முழு அரச பென்ஷன்: கிழமைக்கு 221 பவுண் 20 பென்ஸ். பென்ஷன் கிறெடிற்றின் மட்டம் அந்த வருடம் 218 பவுண் 15 பென்ஸ். மன்னிக்க வேண்டும், நீங்கள் மேலே இருக்கிறீர்கள் என்றது போன்குரல்.

நான் தமிழில் விளங்கப்படுத்தினேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மூண்டு பவுணுக்கோ?"

"மூண்டு பவுண் அஞ்சு பென்ஸ்."

"அந்த மூண்டையும் அவங்களே வச்சிருக்கட்டும். பென்ஷனிலை அதைக் குறைச்சுப்போட்டு இதைத் தரச் சொல்லிக் கேள்."

அப்படிக் கேட்க ஏலாது அம்மா என்றேன். பக்கத்தில் இருந்தவர் என்ன கதைக்கிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, "கேள், மகனே, கேட்டுப் பார்" என்றார். கேட்டேன்.

மறுமுனையில் கொஞ்சம் மௌனம். பிறகு அந்தப் பெண், தன் குரலை இறக்கி, அப்படி ஒரு வழி இல்லை என்றா. காலையில் இருந்து இதைக் கேட்கிற மூன்றாவது ஆள் நான்தானாம்.